ஆடியில் ஒரு லெஃப்ட் பேக்

1. பூட்ஸ் சைஸ்

ப்ரீ சீசன் கேம்ப் தொடங்க ஒரு வாரம்கூட இல்லாத ஒரு காலையில் கோச் பாஸ்கர் சார் என்னைக் கூப்பிட்டார். போனில் வணக்கம் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

"மேடம், டீம் லிஸ்ட்ட பாத்துகினு கீறேன். கோல்கீப்பர் கீறான். ரைட் பேக் கீறான். நடுவுல ரெண்டு பேர் கீறாங்க. லெஃப்ட் பேக் எங்க?"

"வருவாங்க சார்."

"எங்கேர்ந்து?"

நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

"சரி, நீங்களே வந்துருங்க. பூட்ஸ் சைஸ் இன்னா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஒரு தொழில்முறை கால்பந்து க்ளப்பில் இடது பக்கத் தடுப்பைப் பார்க்கும் லெஃப்ட் பேக்கே இல்லாமல் போவது அவ்வளவு சுலபமில்லை. அதற்குத் திட்டம் போட்டு உழைக்க வேண்டும். நான் உழைத்தேன். என் பதவியின் பெயர் ரெக்ரூட்மென்ட் அனலிஸ்ட். சீசன் முடிந்து அடுத்த சீசன் தொடங்குவதற்குள் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவிப்பது, யாரைப் புதிதாக எடுப்பது என்று கணக்குப் போடும் வேலை. "அக்கா, இந்த ஃபீல்டுக்கு எப்படி வர்றது?" என்று கேட்டு எனக்கு மெயில் அனுப்புகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எப்படி வருவது என்று இதில் இல்லை. வந்த பிறகு என்ன செய்யக் கூடாது என்பது மட்டும் இருக்கிறது.

2. பச்சை, சிவப்பு

எங்கள் க்ளப்பின் முதலாளி தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயதில் அங்கே பந்து ஆடியவர் என்று கேள்வி. க்ளப் ஆபீஸ் கடையின் மேல்மாடியில் இருந்தது. லிஃப்டில் புடவை மூட்டைகளுக்கு முதலிடம். மிச்சம் இருந்தால் மனிதர்கள் ஏறலாம். என் மேஜைக்கு ஒரு பக்கம் ஜெர்ஸி அட்டைப்பெட்டிகள், இன்னொரு பக்கம் உள்பாவாடைத் துணி.

இன்ஜினியரிங் முடித்து, ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்டில் ஒரு டிப்ளமோவும் முடித்து, மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறி இந்த வேலைக்கு வந்தவள் நான். ஐரோப்பாவில் எந்த நாட்டு டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது க்ளப்புகள் புது வீரர்களை எடுக்க அனுமதிக்கும் காலம், எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது என் மனக்குறை.

முதல் ஆஃப் சீசனுக்கு நான் தயாரித்த ஸ்லைடுகளைப் பார்த்தால் நாங்கள் அடுத்த வருடமே உலகக் கோப்பைக்குப் போய்விடுவோம் என்று தோன்றும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கட்டம். பச்சை என்றால் ரீட்டெயின், மஞ்சள் என்றால் லோன், சிவப்பு என்றால் ரிலீஸ். அண்ணாச்சி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு சிவப்பின் மேல் விரலை வைத்தார்.

"ஏ பிள்ள, டில்லி என்ன செஞ்சான்?"

டில்லிதான் எங்கள் லெஃப்ட் பேக். பெசன்ட் நகர் கடலோரத்து ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர். முப்பதைத் தாண்டியவர். பல சீசன்களாக அந்த இடம் அவருடையது.

"வயசாயிடுச்சு அண்ணாச்சி. பந்தோட மேல போறாரு. திரும்பி வர மாட்டேங்கிறாரு."

"வருவான், மெதுவா."

"அதுக்குள்ள கோல் விழுந்துடுது. அவருக்கு இன்னும் ஒரு வருஷம் கான்ட்ராக்ட் இருக்கு. பேசி ரத்து பண்ணிடலாம். மிசோரம்ல லால்ரின்னு ஒரு பையன் இருக்கான், பறக்கிறான்."

"பறக்கட்டும். கோச் என்ன சொல்லுதாரு?"

கோச் கூரையைப் பார்த்தார். "மேடம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கீறாங்க. நான் கண்ணால பாத்தவன்" என்றார். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன். டில்லிக்கு மாற்றாக இருந்த பையனை அதே வாரம் லோனில் வேறு க்ளப்புக்கு அனுப்பி வைத்ததும் நான்தான். ஒரு வேலையை எடுத்தால் முழுதாகச் செய்து பழக்கம்.

3. சர்ப்ளஸ்

ஒரு வீரரை விடுவிப்பதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று டிப்ளமோவில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எந்த வார்த்தையில் சொல்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அடையாறு டிப்போ பக்கத்து டீக்கடையில் டில்லியைச் சந்தித்தேன்.

"இன்னா மேடம், லேப்டாப்பு இன்னா சொல்லுது?"

"அண்ணா, அடுத்த சீசன் ஸ்ட்ரக்சர்ல உங்க பொசிஷன்ல நீங்க கொஞ்சம் சர்ப்ளஸ்."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"எக்ஸ்போர்ட் சர்ப்ளஸா?"

"இல்லண்ணா..."

"அண்ணாச்சி கட வாசல்ல குவிச்சு வச்சு விப்பாங்களே, பட்டன் இல்லாத சட்ட. அதுவா நானு?"

நான் ஏதோ விளக்கினேன். ரத்துக் காகிதம் பின்னால் வரும், அண்ணாச்சி கையெழுத்துப் போட்டதும் அனுப்புகிறேன் என்றேன். அவர் இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். "இன்னும் ஒரு வருஷம் ஆடிட்டு நானே நிறுத்திக்கலாம்னு இருந்தேன்" என்றார், என்னிடம் இல்லை, டீக்கடைக்காரரிடம்.

சந்திப்பு சுமுகமாக முடிந்தது என்று அன்று மாலை ரிப்போர்ட் எழுதினேன். லால்ரின் பெயர் போட்ட ஜெர்ஸிக்கு ஈக்காட்டுத்தாங்கல் பிரின்டிங் பட்டறையில் ஆர்டரும் கொடுத்தேன்.

4. இது என்ன மாசம்

பேரம் இழுத்து, மெடிக்கல் முடிந்து, லால்ரினின் காகிதங்கள் தயாராகி வந்தபோது விண்டோ மூட ஒரு வாரம்தான் இருந்தது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு கீழே கடைக்கு ஓடினேன். கூட்டம் கயிறு கட்டி நிறுத்தும் அளவுக்கு இருந்தது. அண்ணாச்சி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பாட்டிக்கு ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கையெழுத்து வேணும் அண்ணாச்சி. புது லெஃப்ட் பேக்."

"இது என்ன மாசம்?"

"ஜூலை."

"நான் தமிழ்ல கேட்டேன்."

வாசலில் மைக்கில் ஒருவர் விடாமல் "ஆடித் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி" என்று கூவிக்கொண்டிருந்தார். நான் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நாட்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புதுசாக் கல்யாணம் ஆன மாப்பிள்ளையையே ஆடியில பிரிச்சு வைக்கோம். முன்னப்பின்ன பாக்காத பையனை ஆடியில கொண்டாந்து கையெழுத்துப் போடச் சொல்லுதியே" என்றார் அண்ணாச்சி.

"லோன்ல எடுக்கலாமா? லோன்னா புதுசு இல்ல, இரவல்."

"இரவலா இருந்தாலும் வாசப்படி தாண்டித்தான வரணும்?"

"ஆனி மாசத் தேதி போட்டுட்டா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாட்டியே இரண்டடி நகர்ந்துகொண்டார்.

"உனக்கு முந்தி இருந்த ராஜன் வைகாசியிலயே எல்லாத்தையும் முடிச்சிருவான்."

"எனக்கு யாரும் சொல்லலையே அண்ணாச்சி."

"ஐரோப்பாவுல இப்படித்தான் செய்வாங்கன்னு படம் போட்டுக் காட்டுன. அவுக கணக்கு வேற போலன்னு நான் பேசாம இருந்தேன். ஆடி கழியட்டும், ஆவணியில போட்டுத் தாரேன்."

ஆவணியில் விண்டோ இருக்காது. அதைச் சொன்னேன். "அது அவுக பாடு" என்றார். ஃபைலில் அடுத்து இருந்தது டில்லியின் ரத்துக் காகிதம். அதையும் தள்ளிவிட்டார். "இதுவும் ஆடியில வேண்டாம். அம்மன் மாசத்துல ஒருத்தன் வயித்துல அடிக்க மாட்டேன்."

வீட்டில் போய்ப் புலம்பினேன். அம்மா புடவை மடிப்பதைக்கூட நிறுத்தவில்லை. "ஆடில எந்த மனுஷாளாவது அக்ரிமென்ட் போடுவாளோ? நம்மாத்துல ஒரு மிக்ஸிகூட வாங்கினதில்லையேடி, நீ பாத்துண்டுதானே இருந்தே?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மிக்ஸிக்கு உள்ள சட்டம் லெஃப்ட் பேக்குக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை.

லால்ரினின் ஏஜென்ட் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவனைக் கொல்கத்தாவுக்கு அழைத்துப் போய்விட்டார். ஜெர்ஸி மட்டும் வந்து சேர்ந்தது. அம்மா அதில் ஃப்ரிட்ஜ் துடைக்கிறாள். ஜெர்ஸி வந்த மறுநாள் காலையில்தான் கோச் என் பூட்ஸ் சைஸைக் கேட்டார்.

5. கூழ் வரிசை

ஒரு வழிதான் இருந்தது. டில்லியின் ரத்துக் காகிதத்தில் கையெழுத்து விழவில்லை. ஆகவே காகிதப்படி அவர் இன்னும் எங்கள் ஆள். ஆனால் வாயால் அவரை நான் அனுப்பியாகிவிட்டது. அவர் வராமல் போனால் நாங்கள் கேட்க முடியாது. வந்தால் அவருக்கு அவர் ஆசைப்பட்ட அந்த ஒரு வருடம் கிடைக்கும். இதை விளக்கமாகச் சொல்லத் தயார் செய்துகொண்டு, கோச்சையும் இழுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன்.

அங்கே அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் அலறியது. டில்லி மஞ்சள் வேட்டியும் மணிக்கட்டில் காப்புமாக, அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றார். நேராக அவரிடம் போனேன்.

"வரிசைல வாங்க மேடம்" என்றார், தலை நிமிராமல்.

வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் தூக்குச்சட்டியோடு நின்ற ஒரு அக்கா திரும்பிப் பார்த்தார்.

"கிளப்பு ஆளுங்களா? இன்னாத்துக்கு வந்துகீறீங்க? டில்லிதான் ஆட்டத்த வுட்டுட்டானே."

"விட்டுட்டாரா?"

"ஆமா. 'அவுங்க கெஞ்சுனாங்க, நான்தான் போதும்னு வந்துட்டேன்'னு சொன்னானே. அவன் பொண்டாட்டிகூட அப்ப ரெண்டு நாள் பேசல, ஏன் வுட்டன்னு."

டில்லியின் மனைவி அண்டாவுக்குப் பக்கத்தில் வெங்காயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தயார் செய்து வந்த விளக்கம் முழுவதும் அந்த இடத்தில் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. 'ரத்து', 'கையெழுத்து' என்று ஒரு வார்த்தை என் வாயில் வந்தால் போதும், அவரை நாங்கள்தான் அனுப்பினோம் என்று குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும். கோச் பின்னாலிருந்து என் காதில், "எதையாச்சும் உளறாதீங்க மேடம்" என்றார். எனக்கு அதைத் தவிர வேறு தெரியாது என்று அவருக்கும் தெரியும்.

என் முறை வந்தது.

"சட்டி எங்க?" என்றார் டில்லி.

வாட்டர் பாட்டில் மூடியை நீட்டினேன். வரிசை சிரித்தது.

"அண்ணா, நீங்க போதும்னு சொல்லிட்டுக் கிளம்பி வந்துட்டீங்க" என்றேன். ஸ்பீக்கரைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று கத்தித்தான் சொன்னேன். "நாங்க சரின்னு சொல்லல. அண்ணாச்சி காகிதத்தைத் தொட மாட்டேன்னுட்டாரு. உங்க இடம் அப்படியேதான் இருக்கு."

டில்லி முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"ஐரோப்பா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு லெஃப்ட் பேக் கிடைக்க மாட்டாரு. மேல போனா, திரும்பி வர்றதுக்கு அவருக்கு ஒரு தனி டைமிங் இருக்கு."

கோச்சுக்குப் புரையேறியது.

"இன்னொரு தபா சொல்லுங்க மேடம், மைக் சத்தத்துல கேக்கல" என்றார் டில்லி.

சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்டார். "டேய், ஓவரா போவாத" என்றார் கோச். இதற்குள் டில்லி ஊற்றிய கூழ் மூடி நிரம்பி, என் கை வழியாக முழங்கைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கரண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"காப்பு கட்டிகினு கீறேன் சார்" என்றார் கோச்சிடம், குரலை இறக்கி. "திருவிழா முடியிற வரைக்கும் ராத்திரி எல்ல தாண்டித் தங்கக் கூடாது. கேம்பு வெளியூர்லன்னாங்க. நான் எப்பிடி வர்றது?"

கோச் கடல் பக்கம் பார்த்தார். "இந்த மணலு எதுக்குக் கீது? முதல் வாரம் ஃபிட்னஸ்தான. எல்லாரும் இங்க வந்து ஓடட்டும்."

டில்லி கரண்டியைத் தூக்கிக்கொண்டு வரிசை பக்கம் திரும்பினார். முகத்தில் பெரிய சலிப்பு. "பாத்தீங்களா? வேணாம் வேணாம்னாலும் வுட மாட்றாங்கபா."

அவர் மனைவி ஒரு வெங்காயத்தை எடுத்து என் மூடியில் போட்டார்.

6. வேலையைச் சேர்ந்த இன்னொன்று

முதல் வாரம் மொத்த டீமும் பெசன்ட் நகர் மணலில் ஓடியது. வெளியூர் பையன்கள் கால் புதைந்து விழ, டில்லி படகுகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடினார். அந்த சீசனில் பிரமாதமாக ஆடினார் என்று எழுத ஆசைதான். சுமாராக ஆடினார். சீசன் முடிந்ததும் சொன்னபடி அவரே நிறுத்திக்கொண்டார்.

இப்போதெல்லாம் நான் ஆஃப் சீசன் வேலையை மாசியில் ஆரம்பித்து வைகாசியில் முடிக்கிறேன். கையெழுத்து விழாத எதையும் யாரிடமும் வாயால் சொல்வதில்லை. இது இரண்டும் யாரும் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். ஒன்றுதான் எனக்குத் தாமதமாகப் புரிந்தது. மணலில் ஓடிய அந்த வாரம் முழுக்க, புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பையனையும் நிறுத்தி டில்லி சொல்வார்: "நான் போறேன்னுட்டேன்பா. இவுங்கதான் வுடல. மேடத்தையே கேளு."

பையன் என்னைப் பார்ப்பான். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். ரீட்டெயின் செய்வது என்று நாங்கள் பச்சை அடித்து வைக்கிறோமே, அதில் பெரும்பாதி அந்தத் தலையாட்டல்தான்.