நூறு ரூபாய் வரவு

கடன் பத்திரத்துக்கும் சாவு உண்டு என்பது ஐந்தாம் வகுப்பு படிக்கையில் எனக்குத் தெரியவந்தது. அப்பா சின்னமனூரில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். எழுதிய நாளிலிருந்து மூன்று வருஷம் போனால் புரோநோட்டு செத்துவிடும், அப்புறம் எந்தக் கோர்ட்டும் அதைச் சீண்டாது என்றார் வக்கீல். வரும் வியாழக்கிழமையோடு எங்கள் நோட்டுக்கு ஆயுசு முடிகிறதாம்.

அதற்குள் வழக்குப் போட்டால் பின்னால் கடன்பட்டவரின் தோட்டத்தை ஜப்தி செய்யலாம். வழக்கு வேண்டாமென்றால், கடன்பட்டவரிடம் ஏதோ கொஞ்சம் வாங்கிக்கொண்டு, நோட்டின் முதுகில் ‘வரவு’ என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடவைக்க வேண்டும். அன்றிலிருந்து இன்னொரு மூன்று வருஷம் கிடைக்கும்.

“நூறு ரூபா குடுத்தாக்கூட உசுரு வந்துருமா?” என்று கேட்டேன். வக்கீல் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கடன்பட்டவர் அப்பாவின் தங்கை புருஷன், என் மாமா. அவருடைய திராட்சைத் தோட்டத்தில் போர் போட, அம்மாவின் நகைகளை விற்று அப்பா கொடுத்த பணம் அது. போரில் புழுதிதான் வந்தது. வழக்குப் போட்டால் அத்தை எங்கள் வாசலை மிதிக்க மாட்டாள். விட்டுவிட்டால் நகை போனது போனதுதான்.

அந்த வியாழனுக்கு முந்தின சனிக்கிழமை, குச்சனூர்க் கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்ததுபோல மாமா வீட்டுக்குள் நுழைந்தோம். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. கோயிலுக்கு என்று சொன்ன வாயாலேயே, அடுப்பில் கொதித்த கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தை இன்னொரு கரண்டியும் ஊற்றினாள்.

கை கழுவியதும் அப்பா மெல்ல ஆரம்பித்தார். “மாப்ள, வீட்ல நச்சரிக்கிறா. ஒரு நூறு ரூபா இருந்தாக் குடுங்க. வரவுன்னு ஒரு வரி எழுதிட்டா அவளுக்கும் நிம்மதி.”

மாமா அப்பாவையே பார்த்தார். எங்கே மறுத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து, என்னிடம் பேனா வாங்கி, நிதானமாக எழுதினார். கையெழுத்தும் தேதியும் போட்டார்.

நோட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: “நானும் தேனில ஒரு வக்கீலப் பாத்தேன் மச்சான். வியாழக்கிழம வரைக்கும் இங்கன இருக்காதீக, கேரளாப் பக்கம் போயிருங்க, கடன் கழிஞ்சிரும்னு சொன்னாக. எனக்கு மனசு வரல.”

அப்பா தலையைக் குனிந்தபடியே நோட்டை வாங்கினார். நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை.

மினி பஸ்ஸில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தப்பிக்க வழி தெரிந்தும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்த மாமாவைப்போல ஒரு அப்பாவி இந்த ஊரில் உண்டா என்று அதிசயப்பட்டேன். இனி மூன்று வருஷத்துக்கு எப்போது வேண்டுமானாலும் அவரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமே!

“நம்ம செயிச்சுட்டோம்லப்பா?” என்றேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகு அந்த நோட்டை எந்தக் கோர்ட்டுக்கும் கொண்டுபோக அவரால் முடியாது என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.