உடல்நிலை பயணத்துக்கு உகந்ததல்ல

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, என் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பதை நான் கடலூரில் நிரூபித்தாக வேண்டும். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கடிதம் வாங்கி, இரண்டு நகல் எடுத்து, பஸ் ஏறி, கடலூரில் உரிய மேசையில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு திரும்புவேன். கடிதத்தில் இருக்கவேண்டிய வாசகம் ஒன்றுதான்: ‘உடல்நிலை பயணத்துக்கு உகந்ததல்ல.’ அந்த ஒரு வரிதான் எங்களை இன்னொரு மாதம் இந்த நாட்டில் இருக்கவிடுகிறது. இலங்கையில் எங்கள் மீன்பிடி ஊரான பேசாலையில் இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடும். அங்கே ஒருவர் சுகமாக இருக்கிறார் என்பதற்குத்தான் கடிதம் கேட்பார்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிக்கமாட்டார்கள். அவர்களும் ஏதோ ஒரு மேசைக்கு முன்னால் ஏதோ ஒன்றை நிரூபித்தவர்கள்தான்.

நான் மன்னார் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன். படகில் வந்து இறங்கியபோது சட்டைப்பையில் பேனா இருந்தது, செருப்பு இல்லை. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் கடலூர் மாவட்டத்து முகாமில். பகலில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மாலையில் முகாமில் மனு எழுதினேன். சேர்க்கை மனு, வெளியூர் போக அனுமதி மனு, பிறப்புப் பதிவு மனு. ஒரு காலத்தில் அகதிகள் முகாம் என்று எழுதினோம், பிறகு மறுவாழ்வு முகாம் என்று எழுதச் சொன்னார்கள். பழைய படிவக் கட்டு தீரும்வரை நாங்கள் அகதிகளாகவே இருந்தோம். முகாமைக் கவனிக்கும் வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., மாறி மாறி வருவார்கள். புதிதாக வருகிறவருக்கு எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று நான்தான் சொல்லுவேன். விதி தெரியாமல் நடந்துகொண்ட ஆட்களை, கைக்குழந்தையோடு நிற்கிற பெண்களைக்கூட, நான் கடிந்துகொண்டிருக்கிறேன். அது பெருமையாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஊர் திரும்ப எங்களுக்கு அனுமதி வந்தது. என் மனைவி ரெஜினாவின் ஒரே தங்கை ஜசிந்தா பேசாலையில் எங்களுக்கென்று ஓர் அறையை வெள்ளையடித்து வைத்துவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை வீடியோவில் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருடமாக அக்காளும் தங்கையும் நேரில் பார்த்ததில்லை. போகிறவர்கள் முகாம் அட்டையை ஒப்படைத்து, வீட்டைக் காலி செய்து, பதிவேட்டில் பெயர் நீக்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. எல்லோரும் அதை வண்டி வந்து வாசலில் நின்ற பிறகுதான் செய்வார்கள். அட்டையை நீட்டும் கை ஒருபக்கம், பெட்டியைத் தூக்கும் கை மறுபக்கம். நான் பதினோரு நாள் முன்னதாகவே செய்தேன். ஒப்புகையும் வாங்கினேன். எங்கள் வீட்டில் அன்று சாயங்காலமே புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடிவந்தது. நாங்கள் பக்கத்து வீட்டில் பெட்டிகளோடு உட்கார்ந்து நாளை எண்ணினோம். நான்காம் நாள் ரெஜினா குழாயடியில் விழுந்தாள். சிதம்பரம் கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தியிருந்தன.

பெயரைத் திரும்பச் சேர்க்க ஆர்.ஐ.யிடம் போனேன். சின்ன வயது, நல்ல பிள்ளை.

“ஐயா, உங்கள யாரு இவ்ளோ அவசரமா அட்டையக் குடுக்கச் சொன்னது? மத்தவங்கல்லாம் வண்டி ஏறுற அன்னிக்குத்தான குடுப்பாங்க?”

“விதி அப்படித்தானே இருக்கு, சார்.”

“விதி இருக்குதுங்க. அதுக்குன்னு இப்படியா? ஊருக்கே நீங்கதான் ரூல் சொல்லுவீங்க. உங்களுக்கு யாருமே சொல்லலியா?”

பெயர் நீக்கப் படிவம் உண்டு. நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்க்கப் படிவம் இல்லை. யாரும் இதுவரை கேட்டதில்லையாம். கடைசியில் மேலதிகாரி ஒருவர் வழி சொன்னார்: பயணம் செய்ய முடியாத உடல்நிலை என்று மாதாமாதம் டாக்டர் கடிதம் கொடுத்தால், மாதாமாதம் தங்க அனுமதிக்கலாம். இந்த நாட்டுப் பதிவேட்டிலும் இல்லை, அந்த நாட்டுக்கும் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில், சிதம்பரத்தில் ஒரு மாதா கோவிலுக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் குடியிருக்கிறோம். பங்குச் சாமியார் இரக்கப்பட்டுக் கொடுத்தது. கிறிஸ்துமஸ் குடில் சொரூபங்களும் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கின்றன. ரெஜினாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் மூன்று ராஜாக்களும் ஓர் ஒட்டகமும் வருடம் முழுக்க நிற்கிறார்கள். அவர்களும் வெளிநாட்டுக்காரர்கள்தான். அவர்களிடம் யாரும் கடிதம் கேட்டதாகத் தெரியவில்லை.

முதல் கடிதம் வாங்கப் போனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். டாக்டர் முப்பது வயதுப் பெண். ஊருக்குப் போக வேண்டியவர்கள் நாங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், நான் வாயைத் திறக்குமுன் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார்.

“கவலப்படாதீங்க ஐயா. ரெண்டு வாரத்துல ஓரளவு தேறிடுவாங்க. போகலாம்னே எழுதித் தரேன். தைரியமா இருங்க.”

“ஐயோ டாக்டர், அப்படி எழுதிப்போடாதேங்கோ. மோசம் எண்டு எழுதுங்கோ.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். சொத்துக்காகப் பெண்டாட்டியைச் சாகடிக்கப் பார்க்கிற கிழவன் என்று நினைத்திருப்பார். நர்ஸைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட பிறகுதான் அந்த வரி இல்லாவிட்டால் அவள் தேறும்வரைகூட எங்களை இங்கே இருக்கவிடமாட்டார்கள் என்று நான் சொல்வதைக் கேட்டார்.

அன்றிலிருந்து என் செபமும் குழம்பிப்போயிற்று. அரசுக்கு ஒரு மனு: இவளுக்கு உடம்பு மோசம், தயவுசெய்து நம்புங்கள். ஆண்டவருக்கு ஒரு மனு: இவளைச் சுகப்படுத்தும். இரண்டும் ஒரே கையால், ஒரே வாரத்தில். இப்படி முரண்பட்ட இரண்டு மனுவை ஒரே ஆள் கொடுத்தால் இரண்டையும் தள்ளுபடி செய்வதுதான் நான் அறிந்த எந்த அலுவலகத்திலும் வழக்கம். ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார், துன்ப காலத்துக்கும் தேவன் ஒரு நோக்கம் வைத்திருக்கிறார் என்றார். நான் நிரப்பிய படிவங்களில் எல்லாம் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை விண்ணப்பதாரர்தான் நிரப்ப வேண்டும். இங்கே அதை நிரப்ப வேண்டிய ஆண்டவர் மௌனமாக இருக்கிறார், கையெழுத்து மட்டும் என்னிடம் கேட்கப்படுகிறது என்று ரெஜினாவிடம் சொன்னேன்.

“நீங்கள் கடவுளுக்கும் மனுத்தான் எழுதுறியள்,” என்றாள் செபமாலையை நிறுத்தாமல். “ஒருநாளைக்குச் சும்மா கதைச்சுப் பாருங்கோவன்.”

கதைக்க எனக்குப் பழக்கமில்லை. எழுதத்தான் தெரியும்.

செவ்வாயும் வெள்ளியும் ரெஜினாவுக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம் வராந்தாவில் காத்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை, கடலூர் ஓ.டி. எனும் பழைய நகரத்துப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வருகிறவள். அவள் புருஷன் கலியபெருமாள் மீன் வண்டி ஓட்டுகிறான். முதல் நாளே என்னை மாமா ஆக்கிவிட்டான்.

“சிலோனுக்குன்னு கெளம்பி சிதம்பரத்துல எறங்கிட்டீங்களாமே மாமா? கண்டக்டர் சொல்லலியா?”

அவனுடைய காப்பீட்டு மனு மூன்று முறை திரும்பியிருந்தது. வாங்கிப் பார்த்தேன். ஓர் அட்டையில் அஞ்சலைக்கு வயது நாற்பத்தாறு, இன்னொன்றில் ஐம்பத்தொன்பது.

“இதென்ன, கலியபெருமாள்?”

“பொண்ணு பாக்கப் போனப்ப சொன்ன வயசு ஒன்னு மாமா. ரேஷன் கார்டுக்குச் சொன்னது ஒன்னு. நெச வயசு அவுங்க அம்மாவுக்குத்தான் தெரியும், அது போய்ச் சேந்துடுச்சி.”

அவனைத் திட்டிக்கொண்டே ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். மனு ஏற்கப்பட்டது. அதோடு முடியவில்லை. அடுத்த வெள்ளி லால்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாய் தன் மகளின் காகிதங்களோடு என் பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கடுத்த செவ்வாய் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு விவசாயி. என் பெஞ்சுக்கு வரிசை வந்தது. எனக்கு எரிச்சல்தான். என் மனைவி உள்ளே கிடக்கிறாள், என் சொந்த மனுவுக்கே வழியில்லை, இவர்களுக்கு நான் ஏன் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டே எழுதினேன்.

ஐப்பசி மழையில் ஒரு முதல் திங்கள், கடிதத்தோடு கடலூர் போனவன் திரும்ப முடியவில்லை. புதுச்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் சாலையில் தண்ணீர். பஸ் இல்லை. மறுநாள் செவ்வாய், ரெஜினா மெஷினுக்குப் போயாக வேண்டும். ஒரு தடவை தவறினால் மூச்சு முட்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கடலூர் பஸ் நிலையத்தில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தபோது என் சட்டைப்பையில் முத்திரை குத்திய ஒப்புகை இருந்தது. அவள் உடம்பு மோசம் என்பதை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. நான் அங்கே இல்லாமல் அது நிஜமாகிவிடும்போல் இருந்தது. அன்றைக்குத்தான் மனு எழுதாமல் ஆண்டவரிடம் பேசினேன். பேசினேன் என்பதைவிடக் கத்தினேன் என்பது சரி. பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

காலையில் போன் வந்தது.

“மாமா, அத்தைய மெஷின்ல போட்டாச்சி. நீங்க பொறுமையா வாங்க.”

சாலையில் தண்ணீர் ஏறுமுன்பே மனைவியோடு சிதம்பரம் வந்து தங்கியிருந்த கலியபெருமாள், முழங்கால் தண்ணீரில் மீன் வண்டியைக் கோவில் சந்துக்குள் விட்டு, ரெஜினாவை நாற்காலியோடு தூக்கி ஏற்றியிருக்கிறான். பஸ் ஓடத் தொடங்கி நான் போய்ச் சேர்ந்தபோது வார்டே மீன் நாற்றமடித்தது. நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். ரெஜினாவின் முகத்தில் பல மாதமாகப் பார்க்காத ஒரு தெளிவு.

“கண்ணை மூடினா பேசாலைதான் போங்கோ,” என்றாள்.

நான் கேட்டது விடுதலை. எனக்குக் கிடைத்தது ஒரு பெஞ்சு. அதுதான் நோக்கம் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்த ‘நோக்கம்’ கட்டத்தில் எழுத வேறு எதுவும் எனக்குத் தோன்றவும் இல்லை. அடைபட்டிருக்கிறேன் என்ற எண்ணம் போய்விடவில்லை. சாமான் அறையின் ஒற்றை ஜன்னலைத் திறந்தால் மதில்தான் தெரியும், இன்றைக்கும். அடைபட்ட இடத்தில் செய்ய ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான். அந்த வேலை இல்லாவிட்டால் நான் விசுவாசத்தை எப்போதோ ஒப்படைத்து ஒப்புகை வாங்கியிருப்பேன்.

இந்தத் தவக்காலத்தில், கடிதத்துக்காக டாக்டரிடம் போனேன். அவர் பேனாவை எடுக்கவில்லை.

“இந்த மாசம் என்னால அப்படி எழுத முடியாதுங்க ஐயா. அம்மா நல்லாத்தான் இருக்காங்க. டயாலிசிஸுக்கு நடுவுல ரெண்டு நாள் இடைவெளி பாத்துக்கிட்டு ஃபிளைட்ல போகலாம். அந்தப் பக்கம் மெஷின் இருக்கற ஆஸ்பத்திரிக்கும் லெட்டர் தரேன். நீங்க கேட்டதுதான?”

நான் கேட்டதுதான். ஒன்றரை வருடமாக முழங்காலில் நின்று கேட்டது. அப்படியிருந்தும், வராந்தாவில் வந்து உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பெஞ்சில் எனக்கு முன்பே நான்கு பேர் காகிதத்தோடு காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் ஒரு கணக்குப் போட்டேன்: வேறொரு டாக்டர், கொஞ்சம் கெஞ்சல், பழைய வாசகம். எனக்கு வழி தெரியாதா? அப்போதுதான் விளங்கிற்று. என்னை இங்கே பிடித்து வைத்திருந்தது கடிதம் மட்டுமல்ல, இந்தப் பெஞ்சும்தான். அவள் நோயைக் காட்டி நான் இங்கேயே இருந்துகொள்ளப் பார்க்கிறேன்.

உள்ளே போய் ரெஜினாவிடம் உள்ளதைச் சொன்னேன். டாக்டர் சொன்னதையும், நான் யோசித்ததையும்.

செபமாலையைத் தலையணை ஓரத்தில் வைத்தாள். பிறகு, “ஜசிந்தாவுக்கு எழுபது வயசாகுது, என்னப்பா,” என்றாள். “எனக்குப் போகவேணும். நீங்களும் வாறதெண்டால்தான்.”

அடுத்த கட்டிலிலிருந்து அஞ்சலை தலையைத் திருப்பினாள். “போய்ட்டு வாங்கத்த. இங்கயே கெடந்து என்னா பண்ணப் போறீங்க?” என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியேறும் அனுமதிக்கான விண்ணப்பத்தை ரெஜினாவின் கட்டில் ஓரத்தில் வைத்தே எழுதினேன். எழுதி முடிக்க வழக்கத்தைவிட நேரமாயிற்று. எழுதும் அட்டையில் செருகி அவளிடம் நீட்டினேன். வலது கையால் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். இடது கை அசையக் கூடாது. அதிலிருந்து ஒரு குழாயில் இரத்தம் வெளியே போய், இன்னொரு குழாயில் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் ஓடினாலும் ஒரு டம்ளர் அளவு எப்போதும் வெளியில்தான் இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். உடம்புக்கு அது தெரியுமா என்று கேட்டேன். தெரியும், அதனால்தான் அம்மாவுக்குக் குளிருகிறது என்று சொல்லி, போர்வையை இழுத்துவிட்டாள்.