வரைபடத்தின் வால்

நோல்ஃபா தபியாவின் கனவுகளில் இரவு வெள்ளையாக இருக்கும், விண்மீன்கள் கறுப்பாக. பத்தொன்பது வருடங்களாக அவள் வானத்தைக் கண்ணாடித் தகடுகளில்தான் பார்த்து வந்தாள். மலைமேல் தொலைநோக்கியில் எடுக்கும் அந்தத் தகடுகளில் ஒளி பட்ட இடம் கறுத்துவிடும். லா செரெனாவில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளிய அலுவலகத்தில், விளக்கு மேசைமேல் தகட்டை வைத்து ஒவ்வொரு புள்ளியின் பருமனையும் லென்ஸ் வழியாக அளந்து எழுதுவது அவள் வேலை. ஜன்னலுக்கு வெளியே காலையில் பாதி நேரம் பனிமூட்டமாகவே நிற்கும்.

எப்போதும் ஒரே துண்டு வானம். கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைத்துவிடும். பால்வெளியின் நடுப்பகுதியைத் தூசி மூடியிருக்கிறது. அந்தத் துண்டில் மட்டும் தூசி கொஞ்சம் விலகியிருந்தது. அங்கே சில விண்மீன்கள் மூச்சு விடுவதுபோல மங்கி, மறுபடி ஒளி கூடும். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு மூச்சு என்று தெரிந்தால் அதன் உண்மையான ஒளி தெரியும். அது தெரிந்தால் தூரம் தெரியும். அந்தத் தூரங்களைக் கொண்டு வானியலாளர் டாக்டர் ஒசந்தோன் சுவரளவு தாளில் பால்வெளியின் நடுவை வரைந்துகொண்டிருந்தார்.

அந்த வருடம் படத்துக்கு வால் முளைத்தது. இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவாக ஒரு மூச்சு விடும் நாற்பத்தொரு மீன்கள். அவ்வளவு மெதுவாக மூச்சு விடுபவை ஒளி மிகுந்த பெரிய ஜாதி. இவ்வளவு மங்கலாகத் தெரிவதால் நடுவுக்கு வெகு பின்னால் இருக்க வேண்டும். எல்லாம் நோல்ஃபா அளந்தவை. வாலைப் பற்றிய கட்டுரையில் தன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் போடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன் அவள் பெயர் எதிலும் வந்ததில்லை. தட்டச்சான முதல் தாளை வீட்டில் பப்பாளிப் பாகு ஜாடிக்கு அடியில் வைத்திருந்தாள்.

ஜூலையில் ஒரு நாள் பல் பிடுங்கிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு மதியம் மூன்று மணி பஸ்ஸில் ஏறினாள். பனி விலகிக் கடல் தகடுபோல் மின்னிக்கொண்டிருந்தது. ஊருக்குப் புதுசா என்று ஓட்டுநர் கேட்டார்.

"பத்தொம்பது வருஷமா இதே பஸ்லதான் போறேன்."

"எந்நேரம்?"

"காலைல எட்டரை."

"அப்ப எனக்கு நீங்க ஊர்லயே இல்ல, சேனோரா."

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவளுக்குத் தகடு எடுக்கும் நேரம் உறைத்தது. அந்தத் துண்டு வானம் நேர் உச்சிக்கு வரும்போது, இரவுக்கு ஒரே தகடு. அதுதான் மலையில் வழக்கம். பதினைந்து மணி நேரத்துக்கு ஒரு மூச்சு விடும் சின்ன மீனையும் தினம் அதே நேரத்தில் மட்டும் பார்த்தால், நடுவில் விட்ட மூச்சுகள் கணக்கில் வராது. இரண்டு நாள் மூச்சுபோலத்தான் தெரியும்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மலைக்குத் தொலைபேசியில் காரணத்தைச் சொல்லிக் கேட்டாள். அந்தி இருட்டியதும் ஒரு தகடு, விடியுமுன் ஒரு தகடு, ஆறு இரவுகளுக்கு.

"சாய்வா எடுத்தா அடிவானத்துத் தூசிதான் விழும்," என்றான் தகடு எடுக்கும் எலியாசர். "உங்களுக்கென்ன, கீழே உக்காந்து டீ குடிக்கிறீங்க. இங்க விரல் விறைக்குது." ஆனாலும் எடுத்து அனுப்பினான்.

புள்ளிகள் கலங்கலாக இருந்தன. ஆனால் அந்தியில் தடித்திருந்தவை விடியுமுன் மெலிந்து கிடந்தன. இரண்டு நாள் மீன் ஒரே இரவில் அப்படி இறங்காது. நாற்பத்தொன்றும் ஒளி குறைந்த சின்ன ஜாதி, ஆகவே கிட்டத்தில்தான். வாலில் அல்ல, பால்வெளியின் நடுவே புடைத்திருக்கும் வீக்கத்துக்குள்ளேயே இருந்தன.

டாக்டர் தகடுகளை வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே, நோல்ஃபா."

"எலியாசருக்குத் தெரியும், டாக்டர்."

அவர் ரப்பரை எடுத்து வாலை அழித்தார். வால் போனால் கட்டுரையும் இல்லை. நாற்பத்தொரு புள்ளிகளையும் நோல்ஃபா தன் கையாலேயே உள்ளே வைத்தாள். வால் இருந்த இடத்தில் தாள் மெலிந்து வெளுத்துவிட்டது.

வீட்டில் ஜாடியை நகர்த்தினாள். அவள் பெயரைச் சுற்றிப் பாகு வட்டமாக ஒட்டியிருந்தது.

மறுநாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறினாள். அதே ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"வீக்கம் வடிஞ்சிடுச்சே, சேனோரா," என்றார்.