பூண்டு பிடுங்கும் நாளில் போன அப்பா

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதக் கடைசியில் நடந்தது இது. கொடைக்கானலுக்கு மேலே, மேல்மலையில் உள்ள ஒரு சின்ன ஊரில் என் அப்பா இறந்துபோனார். அந்த ஊர்த் தொடக்கப்பள்ளியில் இருபத்தெட்டு வருடம் வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சொந்த ஊரான அய்யம்பாளையத்துக்கு இறங்கி வராமல் அங்கேயே தங்கிவிட்டார்.

குளிருக்குப் பயந்து மற்ற வாத்தியார்கள் ஆறே மாதத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு ஓடிய ஊர் அது. அப்பா ஓடவில்லை. பூண்டு எடுக்கும் பருவம் வந்தால் பிள்ளைகளையும் பூண்டுக் காட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள், பள்ளிக்கூடம் காலியாகக் கிடக்கும். அப்பா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை, பள்ளிக்கூட நேரத்தை மாற்றினார். அந்த ஒரு மாதம் மட்டும் காலை ஆறரைக்கே மணி அடித்து, பத்து மணிக்குப் பிள்ளைகளை விட்டுவிடுவார். சாயங்காலம் மறுபடி இரண்டு மணி நேரம். அதற்காக மேலிடத்தில் மெமோ வாங்கினார். அடுத்த வருடமும் அதையே செய்து இன்னொரு மெமோ வாங்கினார். அவர் காலத்தில் ஐந்தாம் வகுப்பு முடிக்காமல் நின்ற பிள்ளை என்று ஒன்றுகூட அங்கே கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்?

ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து அவரும் பூண்டு போட்டுப் பார்த்தார். விளைந்ததெல்லாம் சுண்டைக்காய் அளவு. இன்றைக்கும் அந்த ஊரில் பொடிப் பூண்டுக்கு ‘வாத்தியார் பூண்டு’ என்றுதான் பெயர். அதைச் சொல்லிச் சொல்லி முதலில் சிரித்தவர் அப்பாதான்.

அன்று காலை பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. வத்தலக்குண்டிலிருந்து நான் அழுதுகொண்டே மலையேறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. அம்மா முன்பே காலமாகிவிட்டார். ஒரே அண்ணன் ஷார்ஜாவில் இருக்கிறான், வந்து சேர இரண்டு நாள் ஆகும். “அண்ணன் வந்து முகம் பாத்த பிறகுதான் எடுக்கணும்” என்று கறாராகச் சொல்லிவிட்டேன். எனக்குப் பிடிவாதம் அதிகம். அழும்போது இன்னும் அதிகம்.

ஊர்ப் பெரியவர் ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்தார். “சரி பாப்பா, ஒன் இஷ்டப்படியே செஞ்சுருவோம்” என்றார். ஐம்பது வயதானாலும் அந்த ஊருக்கு நான் பாப்பாதான். கொடைக்கானலிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது.

மறுநாள் காலை அண்ணனிடம் பேசப் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மேட்டிலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவு முழுக்கப் பூண்டு. அப்பா போவதற்கு முந்தின நாள் பிடுங்கி, தாளோடு வரிசை வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். காட்டில் ஒரு ஆள் இல்லை. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. என்னோடு ஐந்தாவது வரை படித்தவள் ஒருத்தி அங்கே நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் யாரும் அள்ளாம கெடக்கு?” என்று கேட்டேன்.

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். “சாரு வீட்டுல கெடக்கையில காட்டுல எப்பிடிக் கை வைக்கிறது? எடுத்தப்பெறகுதான் ஊருல எந்தச் சோலியும். நீயும் இங்கன வளந்தவதானே?”

எனக்குச் சுருக்கென்றது. எனக்குத் தெரிந்த வழக்கம்தான். கீழே இறங்கி முப்பது வருடத்தில் மறந்துபோயிருந்தேன். பிடுங்கிப் போட்ட பூண்டு நனைந்தால் கறுத்து அழுகிவிடும். வருடம் முழுக்கப் பட்ட பாடு அந்தச் சரிவில் கிடந்தது. ‘அண்ணன் வந்த பிறகுதான்’ என்று நான் சொன்னபோது ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

இறங்கி ஓடிப் பெரியவரிடம், “நீங்க எல்லாரும் காட்டுக்குப் போங்கய்யா, அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு” என்று கெஞ்சினேன். “அது ஆகாது பாப்பா. பூண்டு அடுத்த வருசமும் வெளையும். சாரு வருவாரா?” என்றார்.

மறுபடி மேடேறி அண்ணனுக்குப் போன் போட்டேன். அப்பாவின் முகத்தை அவன் பார்க்க முடியாமல் போகும் என்பதை எப்படிச் சொல்வது? பூண்டு கிடக்கும் கதையையும் சேர்த்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

“பிடுங்கிப் போட்டதா, இன்னும் மண்ணுக்குள்ள இருக்கா?”

“பிடுங்கிப் போட்டது. மழை வர்ற மாதிரி இருக்குடா.”

“அப்ப வெரசா எடுத்துருங்க. எனக்காக வச்சிருந்தா அப்பா என்னையத்தான் வைவாரு.” போனை வைத்துவிட்டான்.

பத்து மணிக்கு எடுத்தோம். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். முறை வைத்துத் தோள் கொடுத்தவர்கள் எல்லாரும் அந்த ஆறரை மணிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். திரும்பி வந்து குளித்த ஈரம் காய்வதற்குள் ஊரே காட்டில் இருந்தது. யார் காடு, யார் பூண்டு என்று பார்க்காமல் கிடைத்ததைக் கட்டித் தூக்கினார்கள். நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். ஒருவரும் தடுக்கவில்லை. நாலு மணிக்கு மழை கொட்டியபோது சரிவின் மேல் பக்கத்தில் கொஞ்சம் போனது. மற்றதெல்லாம் வீடு சேர்ந்துவிட்டது.

அண்ணன் மறுநாள் வந்து சாம்பலைத்தான் பார்த்தான். அந்தக் குறை இருவருக்கும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் ஒரு வருட உழைப்பை மழைக்குக் கொடுக்கவும் துணிந்து, முகம் சுளிக்காமல் ஒரு ஊரே என் அப்பாவுக்காக உட்கார்ந்திருந்ததே, அதைவிடப் பெரிய விருதை எந்த அரசாங்கமும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது. இப்போதெல்லாம் யாராவது என்னிடம் மறுபேச்சில்லாமல் ‘சரி’ என்றால், அதற்காக அவர்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறேன்.