ஒப்படைக்காமல் போன நசீமா

தீபாவளி முடிந்து ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பெருங்களத்தூர் வருவதற்குள் பஸ் அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் எங்கள் ஐசியூ நர்ஸுகளின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. நசீமா சிஸ்டர் காலையில் வீட்டில் மயங்கி விழுந்தார், ஆஸ்பத்திரி வருவதற்குள் முடிந்துவிட்டது, மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினேன். "எறங்கி எங்கம்மா போவீங்க? ஆட்டோவே நகரல," என்றார் கண்டக்டர். இறங்கி, ரயில் நிலையம் வரை ஓட்டமும் நடையுமாகப் போய், ரயில் பிடித்துப் பல்லாவரத்தில் அவள் வீட்டை அடைந்தபோது ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவள் தொல்லை தெரியும். டியூட்டி மாறும்போது நோயாளியின் பக்கத்தில் நின்று, தலை முதல் கால் வரை நிலவரம் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைப்பது, அதாவது ஹேண்டோவர், நம் வழக்கம். நாமெல்லாம் பாதி சொல்லிவிட்டு, மீதி சார்ட்டில் இருக்கிறது என்று ஓடுகிறவர்கள். நசீமாவிடம் அது நடக்காது. ரயிலுக்குப் பறக்கும் என்னைக் கையைப் பிடித்து நிறுத்துவாள். "நில்லுடி. வூட்ல பிரியாணியா ஆறிப் போவுது? அவரு தூங்குனாரா, யாரத் தேடுனாரு, அதையும் சொல்லு. ஒப்படைக்காம பெட்ட விட்டு நகர்றவ நர்ஸே இல்ல." நாங்கள் சண்டை போடாத நாள் குறைவு.

இருவருக்கும் ஒரே வியாதி: பி.எஸ்சி. நர்ஸிங்கில் மார்க் குறைவு. அவளுக்காவது இரண்டாம் வருடத்தில் மஞ்சள்காமாலை வந்தது. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை, படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். அன்று வாங்கிய மார்க் முப்பத்தைந்து வயதிலும் மேற்படிப்பின் வாசலில் நின்று மறித்தது. இத்தனை வருடம் ஐசியூவில் மாரடித்தது யார் கணக்கிலும் வரவில்லை.

ஒரு மத்தியானம் நசீமாவின் நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. டாக்டர் அடுத்த பெட்டில், நின்றுபோன ஒரு இதயத்தோடு போராடிக்கொண்டிருந்தார். எந்த மருந்தை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று நசீமாவுக்குத் தெரியும். உத்தரவு இல்லாமல் தொடக் கூடாது. மருந்துப் பம்ப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றாள். உத்தரவு வந்தது, அவரும் பிழைத்தார். ஆனால் டீ குடிக்கும்போது அந்த விரலை என் முன் நீட்டினாள். "தெரியும், ஆனா தொடக் கூடாது. இத வுட பேஜாரு இன்னா கீது, சொல்லு?"

அப்படித்தான் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைப் பிடித்துக்கொண்டோம். அதைப் படித்தால் இப்படிப்பட்ட நேரத்தில் சில முடிவுகளை நாமே எடுக்கலாம். போன இடத்திலெல்லாம் மார்க்கைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். இந்த வருடம் ஒரு கல்லூரி மட்டும், அனுபவத்தையும் பார்ப்போம் என்று நேர்காணலுக்குக் கூப்பிட்டது.

"மார்க் ஏன் இவ்ளோ கம்மி?" என்று கேட்டதும் நான் உளறிக் கொட்டினேன். திரும்பும்போது தாம்பரம் டீக்கடையில் நசீமா அதே கேள்விக்குத் தான் சொன்ன பதிலைச் சொன்னாள். "என்னையே ஹேண்டோவர் குடுத்துட்டேன்டி. பேரு நசீமா. செகண்ட் இயர்ல மஞ்சக்காமாலை, அப்ப மார்க் எறங்கிச்சு, அதுக்கு இனிமே ட்ரீட்மென்ட் கெடையாது. மத்தபடி பேஷண்ட் ஸ்டேபிள். பெட்டு கெடச்சா பொழச்சிப்பா." டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தேன்.

அவளுக்கு இடம் கிடைத்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. "எவ வராமப் போவா? எல்லாரும் அடிச்சிக்கினு நிக்கிறாளுங்க," என்று எரிந்து விழுந்தேன். "யாராச்சும் ஒருத்தி வராம இருக்கணும்னு துவா பண்றேன், போ," என்று என் தலையில் தட்டினாள்.

அடக்கம் முடிந்து சில நாளில் கல்லூரியிலிருந்து போன். "ஒரு சீட்டு காலியா இருக்கு மேடம். நாளைக்குள்ள சொல்லலன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்." வேண்டாம் என்றால் ஓய்வு பெறும்வரை அந்தப் பம்ப்பும் என் விரலும்தான். வருகிறேன் என்றால், ஐயோ, எப்படிச் சொல்வேன்? "வர்றேன்," என்றேன். என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

முதல் நாள் வகுப்பில் அவள் பெயரை இன்னும் நீக்கியிருக்கவில்லை. "நசீமா?" என்று கூப்பிட்டார் ஆசிரியை. யாரும் எழவில்லை. நான் எழுந்தேன்.

"நீங்களா நசீமா?"

"இல்ல மேடம். அவ எடத்துக்கு வந்திருக்கேன்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். பாதியில் நிறுத்த அவள் என்னை ஒருநாளும் விட்டதில்லை. பெயர், வயது, பல்லாவரம், மஞ்சள்காமாலை, பம்ப்பின் மேல் நின்ற விரல், டீக்கடைச் சிரிப்பு என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன்.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது இந்த இடம் ஒன்றுதான். வாழ்நாளில் அவள் ஒப்படைக்காமல் விட்டுப்போனதும் இந்த ஒன்றைத்தான்.