நிலையில் தொங்கிய கிழங்கு

என் புருஷன் கோட்டைப்பட்டினத்தில் கள்ளத்தோணி ஏறிச் சிலோனுக்குப் போனவர். தோணி கரை சேரவில்லை என்று கடற்கரையில் சொன்னார்கள். மாமியார் நம்பவில்லை. அன்னவாசல் காட்டில் ஆகாச கருடன் கிழங்கைத் தோண்டி வந்து, மஞ்சள் பூசி, வாசல் நிலையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். கண்ணேறு படாமலிருக்க எல்லோரும் கட்டுவதுதான். இவர் மகனுக்காகக் கட்டினார். தளிர்த்தால் மகன் இருக்கிறான், வாடினால் இல்லை. அது வாடும்வரை நான் பிறந்த வீட்டுக்குப் போகக்கூடாது.

அது மழை பொய்த்த வருஷம். விதைக்கடலை பானையிலேயே கிடந்தது. விதைக்குள்ளும் சோறு இருக்கிறது; ஆனால் ஈரம் படாமல் அது முளைக்காது. கிழங்கு தண்ணீரையும் உள்ளேயே வைத்திருக்கும். மண்ணும் வேண்டாம், மழையும் வேண்டாம், தானே தளிர்க்கும். காட்டில் பாடுபட்ட யாருக்கும் இது தெரியும். மாமியாருக்கும் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் ஒருத்தருக்கும் தைரியமில்லை.

ஊரே கருகிக் கிடக்க, எங்கள் வாசலில் மட்டும் பச்சை. கொடி நிலையைச் சுற்றி ஓட்டுக்குள் நுழைந்தது. காற்றே இல்லாத மத்தியானத்திலும் அதன் நுனி ஆடும். குனிந்து போனால் தலைமுடியைப் பிடிக்கும். கொடி நீள நீளக் கிழங்கு சுருங்கி, கிழட்டு முகம் போல ஆனது.

அப்பா என்னை அழைத்துப்போக வந்தார்.

"பொண்ணை அனுப்பி வைங்க சம்மந்தி. எம்புட்டு நாளைக்கு இவ இங்கிட்டுக் கெடந்து வேகுறது?"

"புருசன் உசுரோட இருக்கையில எங்கிட்டுப் போறா? அந்தா பாருங்க, எப்புடித் தளுத்துருக்கான்."

"அது கொடிங்க. காய்ச்சா எனக்கும் ரெண்டு குடுத்து விடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முக்காலியைப் போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தேன். கிழங்கில் கனமே இல்லை. கட்டைவிரல் பட்டதும் உள்ளே போய்விட்டது. வெறும் தோல். கொடியின் நுனி மட்டும் பச்சையாக வளைந்து நின்றது.

"பாருங்கத்தை. தன்னையே தின்னு வளந்துருக்கு. இதுவா ஒங்க மகன்?"

மாமியார் அழவில்லை. அந்தத் தோலை வாங்கி முந்தானையால் துடைத்து, அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு, மறுபடி கட்டினார். நான் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அப்பாவோடு இறங்கினேன். மாமியார் தடுக்கவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"சாப்புட்டியா ராசா?" என்று அதனிடம் கேட்டார்.

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றார். பிறகு, "சரி சரி" என்றார்.