மூன்று வருஷம் பிந்திச் சொன்ன கேதம்

என் மனைவி லெட்சுமி 2022ஆம் வருஷம் ஆனி மாதத்தில், ஒரு புதன்கிழமை விடியற்காலையில் இறந்து போனாள். தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய் ஆட்டோக்காரனை எழுப்பினேன். பெட்ரோல் இல்லை என்று அவன் கையை விரித்தான். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வருஷம் பெட்ரோலும் கரண்டும் இல்லாமல் நாடு எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் போனது என் பிழை இல்லை. அதற்குப் பிறகு நடந்தது என் பிழை. அதை எங்கள் கோயில் மாரியம்மா எப்படி நேராக்கினாள் என்று சொல்லத்தான் இந்த வருஷத் திருவிழா மலரில் எழுதுகிறேன். பெரிய அற்புதம் தேடுகிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். குருடன் பார்த்ததும் ஊமை பேசியதும் இதில் இல்லை. ஒரு கிழவன் மறுபடி சைக்கிள் ஏறினான், அவ்வளவுதான்.

என் பெயர் சன்னாசி. நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை செய்தேன். எங்கள் டிவிஷனில் முதன்முதலாகச் சைக்கிள் வாங்கியவன் நான்தான். மலையில் சைக்கிள் எதற்கு என்று அப்போதே எல்லோரும் சிரித்தார்கள். உண்மைதான். பாதி வழி நாம் அதைத் தள்ள வேண்டும், மீதி வழி அது நம்மைத் தள்ளிவிடப் பார்க்கும். ஆனால் அந்தச் சைக்கிளால் எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. தோட்டத்தில் யாராவது இறந்தால் மற்றத் தோட்டங்களில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கேதம் சொல்லப் போவது என் வேலை.

போன் வந்த பிறகும் அது நிற்கவில்லை. மற்றவர்களுக்குப் போன் போதும். இறந்தது பெண் என்றால் அவள் பிறந்த வீட்டுக்கு மட்டும் ஆள் போய், வாசலில் நின்று சொல்ல வேண்டும். அப்போதுதான் கூடப்பிறந்தவன் அவளுக்குப் போர்த்தக் கோடிச் சேலையோடு வருவான். கேதம் சொல்லப் போகிறவனுக்கும் சில முறைகள் உண்டு. வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. இன்னார் தவறிப்போனார், இத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு, போய் வருகிறேன் என்று சொல்லாமல் திரும்ப வேண்டும். நான் இப்படி எத்தனை வாசலில் நின்றிருப்பேன் என்று கணக்கில்லை. வீட்டுக்கு வந்தால், எங்கள் வரிசை வீட்டு லயத்துப் பின்புறத்தில் லெட்சுமி வாளி நிறைய சுடுதண்ணீர் வைத்திருப்பாள். குளித்த பிறகுதான் உள்ளே விடுவாள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். என் சைக்கிளை யாருக்கும் கொடுக்க மாட்டேன். பிரேக் எனக்குத்தான் பிடிபடும், மழையில் எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும் என்று சொல்லுவேன். அது பாதி உண்மை. மீதி என் தலைக்கனம்.

லெட்சுமியின் ஒரே அண்ணன் ராமையா. மஸ்கெலியாவைத் தாண்டி ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறார். அன்றைக்கு ஆட்டோ ஓடவில்லை, பஸ் இல்லை. சாவு வீட்டுக்காரன் தானே கேதம் சொல்லப் போவது முறையில்லை. அடுத்த லயத்துப் பாலன் என்னிடம் வந்தான். சைக்கிளைக் கொடுங்க மாமா, நான் போய் மேல் டிவிஷனில் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான்.

நான் கொடுக்கவில்லை. போன் பண்ணியாச்சு, போதும் என்று சொல்லிவிட்டேன். மனைவி கூடத்தில் கிடக்கிறாள், எனக்குச் சைக்கிள் பெரிதாகப்பட்டது. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போனில் ஆள் கிடைக்கவில்லை. மெசேஜ்தான் அனுப்பியிருந்தார்கள். மேலே கரண்ட் இல்லை, டவரும் வேலை செய்யவில்லை. அது மச்சானுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை இரவு. நாங்கள் வியாழன் மூன்று மணிக்கே லெட்சுமியை எடுத்துவிட்டோம். அண்ணன் கோடி இல்லாமல் என் மனைவி போனாள். வெள்ளிக்கிழமை அவர் அவ்வளவு தூரம் நடந்தே வந்தார். எடுத்தாயிற்று என்று வழியிலேயே கேள்விப்பட்டு வீட்டுக்கு வரவில்லை. நேராகக் குழி மேட்டுக்குப் போனார், கொஞ்ச நேரம் நின்றார். நான் பக்கத்தில் போனபோது என் முகத்தைப் பார்க்காமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஊருக்கெல்லாம் சைக்கிள்ல போயி சேதி சொன்னீங்க. என் தங்கச்சி செத்தத எனக்கு சொல்ல ஒரு ஆள அனுப்ப முடியலியா?"

பதினாறாம் நாள் கருமாதிக்கும் அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் சைக்கிள் ஏறவில்லை. ஏறக் கூடாது என்று சபதம் எடுக்கவில்லை, முடியவில்லை. ஒருநாள் கடைக்குப் போக எடுத்தேன். பெடலில் கால் வைத்ததும் முழங்கால் இரண்டும் நடுங்கின. இறங்கி நின்று மூச்சு வாங்கினேன். டாக்டர் பார்த்துவிட்டுக் காலில் ஒன்றும் இல்லை என்றார். சைக்கிளை எங்கள் காம்பரா வீட்டின் பின்னால் சாக்குப் போட்டு மூடிவிட்டேன். கேதம் சொல்லக் கூப்பிட வந்தவர்களையும் திருப்பி அனுப்பினேன். பிறகு யாரும் வருவதில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. காலையில் எழும்ப மனமில்லை. கோயில் பக்கமும் போகவில்லை. அம்மாளோடு எனக்குக் கோபம். முப்பது வருஷம் உன் தேருக்கு வடம் பிடித்தேனே, ஒரு போன் சத்தம் போய்ச்சேர விட்டாயா என்று கேட்டேன். என் பிழைக்கு அவளைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

இரண்டு தடவை பஸ்ஸில் மச்சான் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை ஆள் இல்லை என்றார்கள். அடுத்த தடவை என்னைக் கண்டதும் அவரே கதவைச் சாத்தினார். அந்த இரண்டு தடவையும் நான் பழம் பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு விருந்தாளி போலப் போயிருந்தேன். என்ன புத்தியோ.

2025 தைப்பொங்கலுக்கு மகள் செல்வி கொழும்பிலிருந்து வந்தாள். திரும்பிப் போகும்போது ராமையா மாமாவைப் பார்த்துவிட்டுப் போனவள் ஹட்டனிலிருந்து போன் பண்ணினாள். "மாமா ரொம்ப மெலிஞ்சு போயிட்டாருப்பா. கையில ஒரு நடுக்கம். எனக்குப் பயமா இருக்கு" என்றாள். இனி அடுத்தது மச்சானுடைய கேதம்தான் எனக்கு வந்து சேரும் என்று நினைத்தேன். அதற்குள் அவர் வாசலில் நான் நிற்காவிட்டால் பிறகு எப்போதும் நிற்க முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பூசாரி பகல் பூசை முடித்துப் போயிருந்தார். உள்ளே நானும் அம்மாளும் மட்டும்தான். அழுதேன். வாய்விட்டுச் சொன்னேன், அம்மா, எனக்குச் சந்தோஷம் வேண்டாம். லெட்சுமியையும் கேட்கவில்லை. மச்சான் வாசல் வரைக்கும் போக என் காலுக்குப் பலம் கொடு. அவர் சொன்ன அந்தச் சைக்கிளிலேயே நான் போக வேண்டும். நேர்த்தி வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளி தவறாமல் போனேன். வீட்டுக்கு வந்து சாக்கைத் தூக்கிச் சைக்கிளைப் பார்ப்பேன். ஒருநாள் துடைத்தேன். ஒருநாள் செயினுக்கு எண்ணெய் போட்டேன். நோர்வூட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் தள்ளிக்கொண்டுபோய் டயர் மாற்றிக்கொண்டு வந்தேன். ஏற மட்டும் முடியவில்லை. பெடலைத் தொட்டால் முழங்கால் ஆடியது. பங்குனி போனது, வைகாசி போனது, ஆனி வந்து லெட்சுமிக்கு மூன்றாம் வருஷத் திவசமும் கொடுத்தோம். அம்மாளுக்கு என் சத்தம் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய், காலையில் பாலன் என் வாசலில் வந்து நின்றான். மேல்சட்டை இல்லை, முகம் வீங்கியிருந்தது. அவனுடைய அம்மா பாக்கியம் அக்கா படுத்த படுக்கையாகத்தான் கிடந்தார். விஷயம் எனக்கு உடனே விளங்கியது.

"மாமா, அம்மா சொல்லிட்டுத்தான் போச்சு. பொறந்த வீட்டுக்கு நீங்கதான் சேதி கொண்டு போகணுமாம்."

பாக்கியம் அக்காவும் லெட்சுமியும் ஒரே தோட்டத்திலிருந்து இங்கே வாழ வந்தவர்கள். மச்சான் இருக்கிற அதே மேல் டிவிஷன்தான். பாலன் யார்? மூன்று வருஷத்துக்கு முன் என்னிடம் சைக்கிள் கேட்டு, நான் இல்லை என்று அனுப்பியவன். அவன் அதை ஒரு சொல் சொல்லிக்காட்டவில்லை. கும்பிட்டுக்கொண்டு நின்றான். நான் பலம் கேட்டேன், அம்மாள் எனக்கு வேலை கொடுத்துவிட்டாள். அதற்கு மேல் காலைப் பற்றி யோசிக்க எனக்கு நேரம் இல்லை.

முதலில் இறக்கம் முழுக்கத் தள்ளிக்கொண்டே போனேன். கீழே ரோட்டுக்கு வந்ததும் ஏறினேன். நாலு மிதிதான், கொழுந்துச் செடிக்குள் விழுந்தேன். மேலே கொழுந்தெடுத்த பொம்பளைகள் பார்த்துவிட்டார்கள். "தாத்தா, சைக்கிளுக்கு லைசன் எடுத்தீங்களா" என்று ஒருத்தி கேட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். எழும்பி மறுபடி ஏறினேன். அம்மா, அம்மா என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. நீர்த்தேக்கத்தை ஒட்டிய சமரோட்டில் காற்று முகத்தில் அடித்தபோதுதான் முழங்கால் நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன். எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அறுபத்து நாலு வயதில் ரோட்டில் அழுதுகொண்டே சைக்கிள் ஓட்டினேன். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஏற்றத்தில் தள்ளி, சமத்தில் மிதித்து, பதினொரு மணிபோல மேல் டிவிஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன். பாக்கியம் அக்காவின் தம்பி வீட்டு வாசலில் நின்று முறைப்படி சொன்னேன். அங்கே அழுகைச் சத்தம் கிளம்பியது. திரும்பி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போனேன்.

மச்சான் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். செல்வி சொன்னதைவிட மெலிந்திருந்தார். முதலில் சைக்கிளைப் பார்த்தார், பிறகு என்னை. நான் படியில் ஏறவில்லை. முற்றத்திலேயே நின்றேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. எனக்குத் தெரிந்த ஒரே பேச்சுதான் வந்தது.

"மச்சான், ஒங்க தங்கச்சி லெட்சுமி தவறிப்போச்சு. புதன்கெழம விடிய."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டு போவோம் என்று நின்றேன்.

"எத்தன மணிக்கு எடுக்கிறீங்க, மாப்ள?" என்று கேட்டார்.

"வியாழக்கெழம மூணு மணிக்கு மச்சான்."

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அழுதார். மூன்று வருஷத்துக்கு முந்தியதை நினைத்து அழுத அழுகை இல்லை, அன்றைக்குத்தான் தங்கச்சி செத்தது போன்ற அழுகை. உள்ளே போய் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. முறை விடாது. நான் வெளியே நின்று அழுதேன். பிறகு சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து நானே அடுப்பு மூட்டித் தண்ணீர் சுட வைத்துக் குளித்தேன். அந்த வாளிக்கு முன்னால் நின்றபோதுதான் லெட்சுமி இல்லை என்பது எனக்கு முழுதாக உறைத்தது.

அடுத்த நாள் பாக்கியம் அக்காவை எடுக்க மேல் டிவிஷன் ஆட்கள் வேனில் வந்தார்கள். அதில் மச்சானும் வந்தார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு லெட்சுமியின் குழி மேட்டுக்கு நடந்தார். பையிலிருந்து ஒரு சிவப்புச் சேலையை எடுத்தார். அன்றைக்கு நடந்து வந்தபோது மஸ்கெலியாவில் வாங்கிக்கொண்டு வந்த கோடி. குழி மூடியிருந்ததால் யாருக்கும் காட்டாமல் திருப்பிக் கொண்டுபோய், மூன்று வருஷம் மடிப்புக் கலையாமல் வைத்திருந்திருக்கிறார். அதை மண்ணின் மேல் விரித்து நாலு பக்கமும் கல் வைத்தார். பிறகு என் வீட்டுக்கு வந்து, "பசிக்குது மாப்ள" என்றார். நான் வைத்த ரசம் உப்புக் கூடிப்போனது. அதையும் இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டார்.

அம்மாளுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன். லெட்சுமி இல்லாத வீடு இல்லாத வீடுதான், அந்தத் துக்கம் என்னோடு இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் நான் காலையில் எழும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் மச்சானைப் பார்க்கப் போகிறேன். கேதம் சொல்லவும் போகிறேன். நான் போக முடியாத நாளில் பாலன் அதே சைக்கிளில் போகிறான். கொடுக்க மாட்டேன் என்று என் வாய் இப்போது சொல்வதில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஒரு வாசலுக்குப் போக முடியாமல் கால் நடுங்கி உட்கார்ந்திருக்கலாம். அம்மாளிடம் கேளுங்கள். எனக்குத் தந்தவள் உங்களுக்கும் தருவாள். கேட்டுவிட்டு எழும்பிப் போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். மச்சானுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. அவரோடு சாப்பிட்டிருக்க வேண்டிய மூன்று வருஷத்தை நான் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன்.